பல்லால் கேட்கிற பாஸ்கல்

பாஸ்கல் திருப்புளியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு முழ நீளத் திருப்புளி. இரும்பு முனை, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் தலைமேல். மரப்பிடி, கடவாய்ப் பற்களுக்கு நடுவே. கண் இரண்டும் மூடியிருக்கின்றன. கல்மண்டபம் சாலையில் துறைமுகத்து லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஊதுகின்றன. எதிரே மீன்கூடைக்காரிக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் மூன்று தலைமுறையை இழுத்துத் தெருவில் போடுகிற சண்டை. இவருக்கு ஒன்றும் இல்லை. முனையை ஒரு விரற்கடை நகர்த்துகிறார். மறுபடி கடிக்கிறார். அப்புறம் பிடியை வாயிலிருந்து எடுத்துக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மூன்று விரலைக் காட்டுகிறார்.

"மூணாவது. வால்வு சரியா குந்தல. பிரி."

பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். பதினாலு வருஷமாக, காசிமேட்டு விசைப்படகு எஞ்சினிலிருந்து துறைமுக லாரி வரைக்கும், கடித்த பல் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

மவுண்ட் ரோடுக்குப் போனால் படித்த மெக்கானிக்குகளைப் பார்க்கலாம். சட்டைப் பையில் பேனா இருக்கும். வாரவதிப் பாலம் தாண்டி வடக்கே வந்தால் அந்தப் பையில் பீடிக்கட்டு இருக்கும். ஆனால் செய்த வேலை நிற்கும். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை உடைத்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு இந்த உப்புக்காற்றில் இறங்கி, நாலு லாரிக்குச் சொந்தம் கொண்டாடுகிற என் கண்ணுக்கு ஆளை எடை போடத் தெரியும். எத்தனையோ வெள்ளைக்காரக் கப்பல் எஞ்சினியர்களைப் பார்த்த கண் அது. அந்தக் கண் சொல்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்கலைப் போல இன்னொரு ஆள் கிடையாது.

காது போன கதை சின்னது. பதினெட்டு வயதில் கப்பல் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தார். கொதிகலனுக்கு வெளியே நின்று ஒருத்தர் ஆணியைச் சம்மட்டியால் அடிப்பார். உள்ளே குந்திக்கொண்டு இன்னொருத்தர் அந்த ஆணியின் தலையை இரும்புக் கட்டையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாஸ்கல் உள்ளே இருந்தவர். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணியடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படிப் பன்னிரண்டு வருஷம். ஒருநாள் சாப்பாட்டுச் சங்கு ஊதியது இவருக்குக் கேட்கவில்லை. எல்லாரும் வெளியே போன பிறகும் உள்ளேயே கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து காது மூடிவிட்டது. கூடவே வேலையும் போனது; கல்மண்டபத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டார். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் இரும்பு அவருடைய எலும்போடு பேசியிருக்கிறது. காது கற்காததைப் பல் கற்றுக்கொண்டது.

மனிதர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பெரிய மீசைக்காரர்கள் வந்தால்தான் பேஜாரு. "இன்னாபா, கதவ சாத்திகினு உள்ள இருந்து பேசற? மீசைய எடுத்துட்டு வா, அப்பால பேசு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பேசப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணை மூடினால் எதிரே இருப்பவர் வாயை மூடியதாக அர்த்தம். இந்த வசதி காதுள்ளவர் யாருக்கும் கிடையாது.

ஒருத்தரிடம் மட்டும் கண்ணை மூட மாட்டார். அக்கா வியாகுலம்மாள். புருஷன் கட்டுமரத்தில் போனவர் திரும்பி வரவில்லை. ஹென்றி என்று ஒரே பிள்ளை. வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா பட்டறைக்கு வருவார். இடுப்பில் சொருகிய சின்னக் கண்ணாடிப் புட்டியில் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த எண்ணெய் இருக்கும். தேங்காயெண்ணெய்தான், அதில் கொஞ்சம் ஓமமும் போட்டு வைத்திருப்பார். தம்பியின் தலையைச் சாய்த்துக் காதுக்கு இரண்டு சொட்டு. "தொறக்கும்டா பாஸ்கலு. மாதா கைவுட மாட்டா." பதினாலு வருஷமாகத் திறக்கவில்லை. பதினாலு வருஷமாகப் பாஸ்கல் வெள்ளிக்கிழமைதோறும் தலையைச் சாய்க்கிறார்.

இனி அந்தக் கார்.

அறுபத்தெட்டில் கப்பலில் வந்து இறங்கியது. இரண்டே பேர் உட்காரும் சீமைக் கார், கூரை கிடையாது, மூக்கு நீளம். எடுத்துக்கொள்ள யாரும் வராமல் துறைமுகத்துக் கொட்டகையில் இரண்டு மழைக்காலம் நனைந்தது. எலி சீட்டைத் தின்றது, உப்பு தகரத்தைத் தின்றது. கடைசியில் ஏலத்தில் பழைய இரும்போடு பழைய இரும்பாக வந்ததை, அங்கே கிரேன் ஓட்டும் ஹென்றியும் மாமனும் சேர்ந்து எடுத்தார்கள். மாட்டு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கல்மண்டபம் வந்தபோது தெருவே சிரித்தது. "மாமு, இத்த கொயம்புல போடப் போறியா, வறுக்கப் போறியா?" என்றார் டாக்ஸி ஓட்டும் தங்கப்பாண்டி.

பாஸ்கல் எண்ணியது வேறு. சோழவரத்தில், சண்டைக் காலத்தில் ஆகாய விமானம் இறங்கப் போட்ட சிமெண்டுத் தரையில் வருஷத்துக்கு ஒருமுறை கார்ப் பந்தயம் நடக்கிறது. கம்பெனி முதலாளிகளும் ராஜா வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டுகிற இடம். ஹென்றிக்கு அதில் ஓட்ட வேண்டும் என்று பைத்தியம். கிரேனில் இரண்டு டன் மூட்டையை முட்டை மாதிரி இறக்கும் கை அவனுக்கு. அந்தக் கைக்கு ஏற்ற வண்டியைக் கட்டித் தருவது என்று மாமன் முடிவு செய்தார்.

அதற்கப்புறம் அவர் செய்ததை நின்று பார்த்தவர்கள் பாக்கியவான்கள். எஞ்சினைக் கடைசி ஆணிவரை பிரித்தார். பக்கத்துத் தெரு ஆசாரியிடம் தங்கம் நிறுக்கும் தராசை இரவல் வாங்கினார். நான்கு பிஸ்டனையும் அதைத் தாங்கும் நான்கு தண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று வைத்து நிறுத்தார். எடைக்கல் கிடையாது; குன்றிமணி. ஒன்று மூன்று குன்றிமணி கனம் என்றால் அதை அரத்தால் தேய்ப்பார். மறுபடி தராசு. மறுபடி அரம். பதினோரு நாள். "நாலு பேரு பாடை தூக்கினு போறான்னு வையி. ஒருத்தன் ஒசரம், ஒருத்தன் குள்ளம்னா பொணம் இன்னாத்துக்கு ஆவும்? ஆடும். நாலு பேரும் ஒரே ஆளா இருந்தா ஓடவே ஓடலாம்." இதைவிடத் தெளிவாக எந்தக் காலேஜிலும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

எஞ்சினின் தலையை அரை நூல் மழித்தார். உள்ளே வெடிக்கிற வெடி இன்னும் நெருக்கமாக வெடிக்கும். காற்று உள்ளே போகும் வழியைக் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சங்கின் உள்பக்கம் மாதிரி ஆக்கினார். புகை வெளியே போகும் குழாயைப் பழைய கப்பல் கொதிகலன் குழாயில் வளைத்தார். பிரேக் சூடேறிப்போகாமல் இருக்கப் பால்பவுடர் டப்பாவை வெட்டி, முன்சக்கரங்களுக்குக் காற்று பிடித்துத் தரும் வாய் செய்து வைத்தார்.

கனத்தைக் குறைப்பதில் மனிதர் பிசாசு. கதவுக்குள் இருந்த மரம், தரை விரிப்பு, விளக்கு, ஹாரன் எல்லாம் போனது. சீட்டுச் சட்டத்திலும் பெடலிலும் துளை துளையாகப் போட்டார். கார் இட்லித் தட்டு மாதிரி ஆனது. ஹென்றி கழுத்தில் இருந்த பெரிய மாதா பதக்கத்தைக் கழற்றித் தராசில் வைத்தார். "நூத்தி நாப்பது குன்றிமணி. வூட்ல வச்சிட்டு வா. மாதாக்கு வயி தெரியும், பின்னால நடந்து வருவா."

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னே, ஒரு புதன்கிழமை, வியாகுலம்மாள் பட்டறைக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஓடறது இருக்கட்டும்டா. நிக்குமா? கடலு ஒருத்தர துன்னுச்சி. இது என் புள்ளய துன்னுட்டா?"

பாஸ்கல் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மூடியைத் தூக்கிக் காட்டினார். எஞ்சினுக்குப் பின்னால், கைக்கு எட்டும் இடத்தில், அவரே புதிதாக வைத்த ஒரு சின்ன டப்பா. "யக்கா, இத்த பாரு. வேகம் ஹென்றி வச்சிக்கட்டும். நிறுத்தறது நானு. இதுக்குள்ள கீற எண்ணெய்தான் நாலு சக்கரத்தையும் புடிச்சி நிறுத்தும். உன் புள்ள முழுசா வருவான். சொன்னா சொன்னதுதான்."

அக்கா அந்த டப்பாவை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் போய்விட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹென்றி காரை ஓட்டிக்கொண்டு முன்னே போக, தங்கப்பாண்டியின் டாக்ஸியில் பாஸ்கல் சாமான்களோடு பின்னே போனார். சோழவரத்தில் ஜனம் திருவிழா கணக்கில் இருந்தது. கார் நின்றதும் பாஸ்கல் வழக்கம்போல் சக்கரம் சக்கரமாகக் கை வைத்துக்கொண்டு வந்தார். முதல் சக்கரத்திலேயே கையை எடுத்துவிட்டார். எச்சிலைத் தொட்டு வைத்தார், சுர்ரென்றது. நான்கும் அப்படியே. பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் வந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பாகி, பந்தயத்தின் நடுவில், வேகத்தின் உச்சியில், மிதித்தால் ஒன்றுமே இல்லாமல் போகும். நேர்ப்பாதையின் கடைசியில் வளைவு. வளைவுக்குப் பின்னால் பாதைக்குக் கரைகட்டிய தார் டிரம்கள்.

டப்பாவைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரலில் இரண்டு விதமாக வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனார்.

தேங்காயெண்ணெய். ஓமம்.

பதினாலு வருஷத்து வெள்ளிக்கிழமை அந்த விரலில் இருந்தது. அந்த வாசனையை அவர் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார். எண்ணெய்தான் பிள்ளையை நிறுத்தும் என்று தம்பி சொன்னான். நிறுத்துகிற எண்ணெய் மாதாவின் எண்ணெயாக இருந்தால் இன்னும் கெட்டியாக நிறுத்துமே என்று அக்கா நினைத்துவிட்டார். புதனிலிருந்து ஞாயிறு வரை அந்த எண்ணெயில் ஊறி, சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளுகிற ரப்பர் கிண்ணமெல்லாம் கொண்டைக்கடலை மாதிரி ஊதிப்போயிருந்தது.

"இன்னா மாமா?" என்றான் ஹென்றி. முகம் வெளுத்திருந்தது. "எவனாவது எதனா பண்ணிட்டானா?"

பாஸ்கல் விரலைத் துணியில் துடைத்தார். இருமுறை துடைத்தார்.

"என் தப்புடா. அவசரத்துல வேற டப்பாவ எடுத்து ஊத்திட்டேன்."

மாமன் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஹென்றி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பக்கத்தில் ஒரு பெரிய முதலாளியின் காரோடு நின்றிருந்த மெக்கானிக், வெள்ளைக் கோட்டு, கொத்து மீசை, இதைக் கேட்டுச் சிரித்தான். "செவிடன் கட்டின வண்டி, குருடன்தான் ஓட்டணும். இட்டுகினு போய் மீன் ஏத்துங்க நைனா." பாஸ்கல் அவன் பக்கம் திரும்பினார். மீசை நன்றாக மறைத்திருந்தது. ஒன்றும் புரியவில்லை, அதுவும் நல்லதற்குத்தான்.

பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சோழவரத்துப் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை ரப்பர் கிண்ணத்துக்கு எங்கே போவது? பாஸ்கலின் கண் மெள்ள நகர்ந்து தங்கப்பாண்டியின் டாக்ஸியில் போய் நின்றது. அந்த டாக்ஸிக்கு இருபது தடவை பிரேக் பார்த்தவர் அவர். அதன் சிலிண்டர் அளவும் இதன் அளவும் விரலுக்குத் தெரியும்.

தங்கப்பாண்டி பின்வாங்கினார். "மாமு, வாணாம். என்னா பாக்கற நீ? நான் வூட்டுக்கு எப்டி போறது?"

"மெதுவா போ. உனுக்கு எவன் கொடி காட்டப் போறான்?"

"பிரேக்கு இல்லாமயா?"

"கை பிரேக்கு கீதுல்ல? குடும்பஸ்தனுக்கு அது போதும்."

திட்டிக்கொண்டேதான் தங்கப்பாண்டி தம் வண்டிக்கு அடியில் தாமே படுத்தார். எட்டுச் சக்கரம் கழன்றது. பழைய எண்ணெயை வடித்து, குழாய் குழாயாகக் கழுவி, டாக்ஸியின் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் காரில் ஏற்றினார் பாஸ்கல். ஒரு ஆள் வேலையா அது, ஒரு பட்டறையின் வேலை. ஒரு ஆணி கீழே விழவில்லை. கூட்டம் கூடிவிட்டது. கேலி செய்ய வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஹென்றி பெடலை மிதிக்க மிதிக்கக் காற்றுக் குமிழியை வெளியே விட்டு, புது பிரேக் ஆயிலை டப்பாவில் நிரப்பி, மூடியைக் கம்பி போட்டுக் கட்டினார். அப்போது வரிசைக்கு அழைக்கிற கொடி ஆடிக்கொண்டிருந்தது.

ஓட்டம் பார்க்க எல்லாரும் மேடைப் பக்கம் ஓடினார்கள். பாஸ்கல் திருப்புளியை எடுத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் நடந்தார், நேர்ப்பாதை முடிகிற வளைவுக்கு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டார். முனையைச் சிமெண்டுத் தரையில் ஊன்றிப் பிடியைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பதினேழு கார் ஒன்றாகப் புறப்பட்டால் தரை எப்படி அதிரும் என்பது காதுள்ளவர்களுக்குத் தெரியாது. அந்தப் பதினேழில் ஒன்று, நாலு பேரும் ஒரே ஆளாகப் பாடை தூக்குகிற ஒன்று, தனியாகப் பிரிந்து அவர் பல்லுக்குள் வந்தது. வருகிறது. வருகிறது. ஒரு கூடுதல் நொடி, ஹென்றி காலைத் தூக்கவில்லை. பாஸ்கலின் கன்னம் கல்லானது. பிறகு பிரேக் விழுந்தது. நான்கு சக்கரமும் ஒரே மூச்சில் தரையைக் கவ்வின. கார் வளைந்தது, போய்விட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. பத்துச் சுற்று. பத்து முறையும் அந்த ஒரு நொடிக்குச் செத்துச் செத்துப் பிழைத்தார்.

ஹென்றி மூன்றாவதாக வந்தான். கல்மண்டபத்துக் குப்பையில் பிறந்த கார், ராஜா வீட்டுக் கார்கள் பதினாலைப் பின்னால் விட்டுவிட்டு! வெள்ளைக் கோட்டுக்காரன் தானே வந்து சக்கரத்தடியில் குனிந்து பார்த்தான். ஏதோ கேட்டான். பாஸ்கல் தம் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார். "மீசைய எடுத்துட்டு வா."

சாயங்காலம் தெரு முனையிலேயே வியாகுலம்மாள் நின்றிருந்தார். மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு ஊருக்கே சொன்னார்: "எனக்குத் தெரியும்! புதன்கிழமையே மாதா எண்ணெய அந்த டப்பால ஊத்தி வச்சிட்டேன். அதான்டா புடிச்சி நிறுத்திச்சி!"

ஹென்றி மாமனைப் பார்த்தான். தங்கப்பாண்டி, கை பிரேக்கை இழுத்து இழுத்து மரத்துப்போன கையோடு, வாயைத் திறந்தார். பாஸ்கல் அவர் காலை அழுத்தி மிதித்தார்.

"ஆமாங்க்கா. அதான் நிறுத்திச்சி" என்றார்.

இது போன வருஷத்துக் கதை. இந்த வருஷப் பந்தயத்துக்கு முன்னே பட்டறைக்குப் போனவர்கள் காரில் ஒரு புதுச் சாமானைப் பார்த்திருப்பார்கள். பிரேக் டப்பாவின் மூடி கம்பி போட்டு முத்திரை வைத்த மாதிரி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், பழைய கப்பல் பித்தளையில் கடைந்த ஒரு சின்னக் கிண்ணம். பளபளவென்று திருகு மூடி. அடியில் ஒரு குழாய். குழாய் அழகாக வளைந்து எஞ்சினுக்குப் பின்னால் போய், எதோடும் சேராமல், முனை அடைபட்டு நிற்கிறது. முந்நூற்றுப் பத்து குன்றிமணி எடை. மாதா பதக்கத்தைக் கழற்றி வைக்கச் சொன்ன மனிதர், அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான கனத்தைத் தாமே ஏற்றியிருக்கிறார்.

புதன்கிழமை அக்கா வந்தார். பாஸ்கல் மூடியைத் திருகித் திறந்து கொடுத்தார். வியாகுலம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உதடு அசைய, புட்டியைச் சாய்த்தார். கிண்ணம் நிறைந்தது.

"போய் சேந்துச்சாடா?"

பாஸ்கல் மூடியைப் பொருத்தி ஸ்பானரால் முறுக்கினார். திருப்புளியை எடுத்தார். முனையை அந்தப் பித்தளைக் கிண்ணத்தின் மேல் ஊன்றினார், பிடியைக் கடித்தார், கண்ணை மூடினார். எஞ்சின் ஓடவில்லை. பட்டறையில் ஒரு இரும்பும் அசையவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, அக்காவைப் பார்த்து, ஆமென்று மெள்ளத் தலையை ஆட்டினார்.